பின்பனி என்கிறது பஞ்சாங்கம், மரம் வேறு சொல்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசியும் பங்குனியும் பஞ்சாங்கத்தில் சிசிர ருது, பள்ளிப் பாடத்தில் பின்பனிக் காலம். நாளிதழ்களின் நாட்காட்டிக் கட்டமும் இதையே ஆண்டுதோறும் எடுத்துப் போடுகிறது. சென்னையில் பங்குனி நடுப்பகலில் தெருவில் இறங்கியவர் யாரும் இதை ஒப்ப மாட்டார்கள். 'பங்குனி மாதம் பகல்வழி நடந்தவன் படுபாவி' என்று சொன்னவர்களும் தமிழர்கள்தான். பனிக்காலத்துக்கு இப்படி ஒரு பழமொழி எப்படி வந்திருக்கும்? அந்தக் கட்டத்தில் மரம் சொல்வதற்கும் கொஞ்சம் இடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பழைய பகுப்பு தவறு என்பதல்ல என் கட்சி. பகுத்த காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். நம் மாதங்கள் சூரியன் நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் இடத்தை வைத்துப் பிறக்கின்றன. பருவங்களோ சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தெற்கே போய்வருவதைப் பொறுத்தவை. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் இந்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகின்றன. பகலும் இரவும் சமமாகும் நாள் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் தேதியை ஒட்டி வந்தது. இப்போது அது மார்ச் 20ஐ ஒட்டி, அதாவது பங்குனி 6 அல்லது 7இல் வந்துவிடுகிறது. மாதப் பெயர் நின்ற இடத்தில் நிற்க, பருவம் இருபத்து நாலு நாள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இளவேனில் பங்குனி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மாசி அதற்கு வாசற்படி.

மரங்களைப் பார்த்தால் கணக்கே தேவையில்லை. சென்னைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. தை பிறந்தபின் மேல்மண் காய்கிறது. புங்கை மாசியில் இலையை உதிர்த்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் எண்ணெய் தடவியது போன்ற பச்சைத் தளிரோடு நிற்கிறது. அரசு செம்புநிறத் தளிர் விடுகிறது. முள்ளிலவு இலையே இல்லாமல் பூத்து முடித்து, பஞ்சுக் காய் முற்றக் காத்திருக்கிறது. மேல்மண் காய்ந்தாலும் ஆழ வேருக்குத் தண்ணீர் உண்டு. கத்திரி வெயில் வருவதற்குள் புது இலை முற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அவசரம். 'மாசி மின்னலில் மரம் தழைக்கும்' என்ற சொல் இதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

பனி இல்லை என்று சொல்லவில்லை. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது உண்மைதான். மாசியில் வானம் தெளிவாக இருப்பதால் மொட்டைமாடித் தளம் இரவில் சூட்டை வேகமாக இழக்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் உண்டு. விடியற்காலையில் தளம் நனைந்து கிடக்கிறது. ஆனால் எட்டு மணிக்கு அது பறந்துவிடும். பகலில் பிப்ரவரி 31 டிகிரியை ஒட்டி, மார்ச் 33ஐ ஒட்டி. ஒரே நாளில் பனியும் வெயிலும் என்ற இந்த இரட்டைத்தன்மைதான் மாசியின் குணம். வீட்டில் நடக்கும் மாசி வேலைகள் எல்லாமே இந்த இடைவெளியைப் பார்த்து அமைந்தவை. நாட்காட்டிக் கட்டம் இதில் எதையும் சொல்வதில்லை.

காமன் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்து, கரும்பும் ஆமணக்கும் நட்டு, பௌர்ணமியன்று காமனை எரிப்பார்கள். 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்று லாவணி என்ற வாதப்பாட்டு விடியவிடிய நடக்கும். காமனின் தோழன் வசந்தன். மாசி வெறும் பனிக்காலமாக இருந்திருந்தால் வசந்தனின் நண்பனுக்கு அதில் என்ன வேலை? சௌகார்பேட்டையில் ஹோலிப் பொடி பறப்பதும் பெரும்பாலும் இதே பௌர்ணமியை ஒட்டித்தான்.

'மாசிப் பிறையை மறக்காமல் பார்' என்பதிலும் வானியல் இருக்கிறது. இந்தப் பருவத்தில் மாலை மேற்கு வானில் நிலாவின் பாதை அடிவானத்திலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுகிறது. அதனால் மூன்றாம் பிறை படகு போல மல்லாந்து கிடக்கும். புரட்டாசி, ஐப்பசிப் பிறை சாய்ந்து நிற்கும். எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழையையும் விலையையும் சொன்னவர்கள் இருந்தார்கள். பலன் பலிக்குமா என்பது வேறு விஷயம். பார்க்கத்தக்க காட்சிதான் என்பதில் சந்தேகமில்லை. சூரியன் மறைந்து அரைமணியில் பார்த்துவிட வேண்டும், மேற்கே அடுக்குமாடி இல்லாத மாடி வேண்டும்.

இனி, ஆண்டுதோறும் குழப்பம் தரும் காரடையான் நோன்பு நேரத்துக்கு வருகிறேன். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், கணவன் நலம் வேண்டிப் பெண்கள் மஞ்சள் சரடு கட்டிக்கொள்வது வழக்கம். மார்ச் 14 அல்லது 15. ஓராண்டு நண்பகல், மறு ஆண்டு மாலை, அதற்கடுத்த ஆண்டு நள்ளிரவு தாண்டி என்று நேரம் ஓடுவதைப் பார்த்துப் பலர் 'பத்திரிகைக்காரர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள்' என்கிறார்கள். தப்பில்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்கு வர 365 நாள் 6 மணி 9 நிமிடம் ஆகிறது. மிச்சமுள்ள அந்த ஆறு மணிச் சொச்சம் ஆண்டுக்கு ஆண்டு நேரத்தைத் தள்ளுகிறது, லீப் ஆண்டு வந்ததும் ஒரு நாள் பின்னால் இழுக்கிறது. இந்த ஆண்டு மாலை ஏழு மணி என்றால் அடுத்த ஆண்டு நள்ளிரவு ஒரு மணி, அதற்கடுத்து காலை ஏழு மணி என்று நாமே சொல்லிவிடலாம்.

இன்னொரு குழப்பம், பழைய வாய்பாட்டுப்படி கணிக்கும் வாக்கியமும் இன்றைய வானியல் கணக்குப்படி கணிக்கும் திருக்கணிதமும். வாக்கியப் பஞ்சாங்கம் ஆரியபட்டர் வழி வந்த ஆண்டளவான 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடியை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு மூன்று நிமிடச் சொச்ச வித்தியாசம்தான். பல நூற்றாண்டு சேர்ந்தால் மணிக்கணக்கில் வந்து நிற்கிறது. எந்த நேரம் சரி என்று தீர்ப்புச் சொல்வது பத்திரிகையின் வேலை அல்ல. 'இது வாக்கியப்படி, இது திருக்கணிதப்படி' என்று இரண்டையும் பெயர் சொல்லிப் போட்டாலே அக்கம்பக்கத்து வீட்டில் இரண்டு நேரத்தில் சரடு கட்டுவதன் காரணம் புரிந்துவிடும். பெயர் இல்லாமல் ஒரே ஒரு நேரம் போடுவதுதான் சண்டைக்கு வித்து.

சமையல் பக்கங்களில் வரும் நோன்பு அடைக் குறிப்புகளில் அளவு இருக்கிறது, காரணம் இல்லை. அதனால்தான் அடை கல்லாகிறது. பச்சரிசியை அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் கால் மணி உலர்த்தி, தொட்டால் ஈரம் தெரியும் பதத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். பிறகு வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழ வேண்டும், அதுதான் பதம். வறுப்பு குறைந்தால் அடை பசையாகப் பல்லில் ஒட்டும். கடையில் வாங்கும் இடியாப்ப மாவிலும் செய்யலாம், ஆனால் அது தண்ணீர் இழுக்கும் அளவு வேறு. அதே அளவில் ஊற்றிவிட்டு மாவைக் குறை சொல்லக்கூடாது.

ஒரு டம்ளர் வறுத்த மாவுக்கு ஒரு டம்ளர் பொடித்த வெல்லம், இரண்டு டம்ளர் தண்ணீர். காராமணி இரண்டு மேசைக்கரண்டி, வெறுமே வறுத்து ஊறவைத்துத் தனியாக வேகவைத்தது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அரைவேக்காட்டுக் காராமணியை வெல்லத் தண்ணீரில் போட்டு 'அதிலேயே வெந்துவிடும்' என்று விடுகிறார்கள். வேகாது. இனிப்பு சேர்ந்தால் பயறு அதற்குமேல் மெத்தென்று ஆகாது. முழுதாக, ஆனால் குழையாமல் வெந்தபின்தான் வெல்லத்தில் சேர வேண்டும். வெல்லத்தைக் கரைத்து மண் வடிகட்டி, கொதிக்கும்போது தேங்காய்ப் பல், ஏலக்காய், காராமணி சேர்த்து, தீயைத் தணித்து மாவைத் தூவிக் கிளற வேண்டும். கைபொறுக்கும் சூட்டில் உருட்டி, வாழையிலையில் அரை அங்குல கனத்துக்குத் தட்டி, நடுவில் விரலால் ஒரு துளை. துளை அழகுக்கல்ல, நடுப்பகுதிக்கும் ஆவி போவதற்கு. பத்து நிமிடத்தில் மேலே பளபளப்பு வந்தால் இறக்கலாம். உப்படைக்கு வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலைத் தாளிப்பு. தண்ணீர் அதே இரண்டு பங்கு. அடையோடு படைக்கும் வெண்ணெய் உருகாததாக இருக்க வேண்டும் என்பது நோன்பின் வேண்டுதல் வாசகத்திலேயே இருக்கிறது. மார்ச் வெயிலில் அதைக் கடைசி நிமிடத்தில் எடுத்து வைப்பதே உத்தமம்.

'மாசிக் கயிறு பாசி படியும்' என்பதால் தாலிக்கயிறு மாற்றுவதையும் பலர் மாசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கயிறு பாசி படியும் அளவுக்கு நிலைக்கும் என்பது பொருள்.

வடாம் பற்றி இரண்டு வார்த்தை. உண்மையில் இரண்டு வார்த்தை போதாது. அச்சில் வரும் குறிப்புகள் எல்லாம் 'நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைக்கவும்' என்பதோடு முடிகின்றன. சென்னையில் எது நல்ல வெயில்? பனி முற்றும் விலகிய எட்டு, எட்டரை மணிக்குப் பிழிய ஆரம்பித்து, மாலை நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பிற்பகலில் கடல்காற்று ஈரத்தோடு ஏறும். வடாமில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தைக் குடிக்கும். பகலெல்லாம் காய்ந்தது இரவு மாடியில் கிடந்தால் விடிவதற்குள் நமுத்துவிடும். இப்படி மாறிமாறி நனைந்து காய்ந்த வடாம்தான் ஆடி மாதம் டப்பாவைத் திறந்தால் பூஞ்சை நெடி அடிக்கிறது. திருவல்லிக்கேணி, சாந்தோம் போன்ற கடலோரத் தெருக்களில் இது அதிகம். அண்ணாநகரிலும் அம்பத்தூரிலும் கடல்காற்று சற்றுத் தாமதம் என்பதால் கொஞ்சம் சலுகை உண்டு.

அரிசிக் கூழ் வடாமுக்கு ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர். ஈரக்கையால் தொட்டால் கூழ் ஒட்டக்கூடாது. ஒட்டினால் வேகவில்லை, வேகாத கூழ் காய்ந்தபின் உதிரும். ஜவ்வரிசி வடாம் என்றால் நாலு மணி நேரமாவது ஊறிய ஜவ்வரிசி ஒரு டம்ளருக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீர். நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்து கண்ணாடி போல வரும்வரை கிளற வேண்டும். உப்பு, கூழை ருசிபார்க்கும்போது முக்கால்வாசிதான் தெரிய வேண்டும். தண்ணீர் போனபின் அதுவே முழு உப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து வெதுவெதுப்பானபின். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும்.

பிளாஸ்டிக் தாள் உரிக்கச் சுலபம்தான். அடிப்பக்கம் வியர்த்துக்கொண்டே இருக்கும், மறுநாள் கட்டாயம் திருப்பிப் போட வேண்டும். பழைய பருத்தி வேட்டி இரண்டு பக்கமும் காயவிடும். துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்தால் உரிந்துவரும். இரண்டாம் நாள் மாலை ஒன்றை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் இன்னொரு நாள். ஒன்றைப் பொரித்தும் பார்க்கலாம். ஓரம் பூத்து நடு கடுக்கென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. 'பங்குனி மழை பத்துக்கும் நஷ்டம்' என்பார்கள். மாம்பூ, புளி, உப்பளம் என்று அடுக்குவார்கள். அந்தப் பத்தில் மாடி வடாமையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாசிக் கடைசியில் மாட வீதிகளில் மாவடு வந்துவிடும். பங்குனி முழுக்கக் கிடைக்கும். முதல் வாரத்து வடு கோலிக்குண்டு அளவு, கொட்டை கட்டாதது. அதுதான் ஊறுகாய்க்கு. நாள் ஆக ஆக உள்ளே கொட்டை கட்டி, சதை சுருங்காமல் நிற்கும். காம்போடு வாங்க வேண்டும். காம்பு போன வடுவில் பால் வடிந்து அந்த இடத்தில் முதலில் அழுகும். கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஈரம் போனபின் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவ வேண்டும். பிறகு 200 முதல் 250 கிராம் கல்லுப்பு, சிறிது மஞ்சள்தூள். ஜாடியில் போட்டு நாளுக்கு இரண்டு முறை குலுக்கினால் மூன்றாம் நாள் நீர் விடும், ஒரு வாரம் பத்து நாளில் சுருங்கும். அப்போது அந்த நீரிலேயே வற்றல் மிளகாயும் கடுகும் அரைத்து விட வேண்டும். முதல் நாளே காரம் போட்டுவிட்டுக் கடுகு கசக்கிறது என்று வருத்தப்படுவது வீண். உப்புக்குப் பயந்து 100 கிராமோடு நிறுத்தினால் மேலே வெள்ளை படரும். உப்பு உடம்புக்கு ஆகாதவர்கள் வடுவைக் குறைத்துச் சாப்பிடலாம். ஜாடியில் உப்பைக் குறைக்க முடியாது.

வேப்பம்பூவுக்கு மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். சென்னைத் தெரு வேம்பில் தூசி அதிகம். இரவே மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டு, வெயில் ஏறியபின் எடுப்பது நல்லது. பனி ஈரத்தோடு குவித்து வைத்தால் மதியத்துக்குள் கறுத்துவிடும்.

கடற்கரைக்கு வருவோம். மாசி மகத்தன்று கோயில் மூர்த்திகள் கடலாடுவது சென்னைக்குப் புதிதல்ல. சம்பந்தர் மயிலைப் பதிகத்திலேயே மாசிக் கடலாட்டு இருக்கிறது, அடுத்த பாட்டில் பங்குனி உத்திரம். சூரியன் கும்பத்தில் இருக்க, எதிரே சிம்மத்தில் உள்ள மகத்தில் நிலா வருவதால் அது பௌர்ணமியை ஒட்டியே விழும், சில ஆண்டு ஒரு நாள் முன்பின். பௌர்ணமிக் கடல் உயர்வேற்றக் கடல். சென்னையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்றாலும், நீராட இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வடகிழக்குக் காற்றுக் காலமெல்லாம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். மார்ச்சை ஒட்டி அது திரும்பி வடக்கே இழுக்கத் தொடங்கும். இறங்கிய இடத்தில் ஏறுவோம் என்ற நினைப்பு உதவாது. மகத்தன்று நீராடும் இடம் பற்றிச் செய்தி போடும்போது இந்த ஒரு வரி சேர்ந்தால் நல்லது.

இன்னொரு வரவும் இதே கரையில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் சிறு கடலாமைக்குத் தமிழில் 'பங்குனி ஆமை' என்றே பெயர். பருவக்குறிப்பை உயிரினத்தின் பெயராகவே வைத்துவிட்டார்கள். நூறு, நூற்றிருபது முட்டையைக் குடுவை போலத் தோண்டிய குழியில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் குஞ்சு. மணலின் சூடு 29 டிகிரியை ஒட்டித் தாண்டினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் இரவில் நடந்து முட்டைகளைப் பொறிப்பகத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். குஞ்சு வெளிவந்தால் வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். கடலின் மினுக்கத்தைவிடச் சாலை விளக்கும் கைப்பேசி விளக்கும் பளிச்சென்று இருந்தால் சாலைக்கு வந்துவிடும். எனவே பார்க்கப் போகிறவர்கள் விளக்கை அணைத்து, ஒதுங்கி நின்றால் போதும். வாளித் தண்ணீரில் எடுத்துப் போட்டு 'உதவி' செய்ய வேண்டாம்.

மயிலைப் பங்குனிப் பெருவிழா பற்றி உங்கள் படங்கள் நன்றாகவே சொல்லிவிடுகின்றன. மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர். பந்தலில் நீர்மோர் ஊற்றுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் சரி. ஆனால் காலையிலேயே கடைந்து வெயிலில் அண்டாவில் வைத்தால் மூன்று மணிக்குப் புளித்துவிடும். தயிரைத் தனியாக நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தால் கடைசி டம்ளரும் முதல் டம்ளர் போலவே இருக்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே அரை அங்குல இடம். மாசி முதல் வாரத்தில் 'புங்கை இலையுதிர்வு, வடாமுக்கு எட்டரை முதல் நாலு'. மூன்றாம் பிறையன்று 'மேற்கே பார்க்க'. மாசிக் கடைசியில் நோன்பு நேரம், வாக்கியம் ஒரு வரி, திருக்கணிதம் ஒரு வரி. பங்குனி 6, 7இல் 'இன்று பகலும் இரவும் சமம்'. பிறகு 'வேப்பம்பூ உதிர்கிறது, துணி விரிக்க'. சிசிர ருது என்ற சொல்லை எடுக்கவும் வேண்டாம், அது பஞ்சாங்கத்தின் உரிமை. அதன் பக்கத்தில் மரம் சொல்வதையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை – 4.